மூன்று மஞ்சள் டோக்கன்கள்

அந்தத் தையல் கூடத்துக்கு வரும் பெண்கள், வாசலில் இருக்கும் கொக்கியில் பையை மாட்டும்போது தங்கள் பெயரையும் சேர்த்து மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். உள்ளே இயந்திரத்தின் எண்தான் ஆளுக்குப் பெயர். "பதினாலு, காலர் எங்கே?" "முப்பத்தேழு, வாயைக் குறைச்சுக் கையை ஓட்டு." "ஐம்பதுக்குக் காய்ச்சலாம், வரல." மாலை ஆறு மணிக்குப் பையை எடுக்கும்போது பெயரும் திரும்பக் கிடைத்துவிடும். இதை யாரும் ஒரு குறையாக நினைத்ததில்லை. அறுபத்திரண்டு இயந்திரங்கள் ஒன்றாக ஓடும் சத்தத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தொண்டைதான் போகும்.

எண் இல்லாத ஒரே பெண் டோக்கன் அக்கா.

கூடத்தின் பின்கோடியில், கழிப்பறைக்குப் போகும் வழியில், சுவரை ஒட்டி ஒரு மர ஸ்டூல். அதில்தான் அவள் காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை உட்கார்ந்திருப்பாள். தலைக்குப் பின்னால் சுவரில் மூன்று ஆணிகள். மூன்றிலும் கயிறு கோத்த மஞ்சள் பிளாஸ்டிக் டோக்கன்கள் தொங்கும், ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். இயந்திரத்தை விட்டு எழுந்திருக்கிறவள் முதலில் அக்காவிடம் வர வேண்டும். டோக்கனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய்வர வேண்டும். அப்போதுதான் கூடத்தின் முன்கோடியில் நிற்கும் சூப்பர்வைசருக்கு, யார் வேலையில் இல்லை என்பது தெரியும். ஒரு நேரத்தில் மூன்று பேர். ஒரு நாளைக்கு ஆளுக்கு மூன்று முறை. ஒரு முறைக்கு ஐந்து நிமிடம். இதெல்லாம் ஆணிகளுக்கு மேலே ஒரு பலகையில் எழுதியிருந்தது.

அக்காவின் மடியில் ஒரு நீள நோட்டு. நாளைக்கு ஒரு பக்கம். இடது ஓரத்தில் ஒன்றிலிருந்து அறுபத்திரண்டு வரை எண்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் நேராக மூன்று கட்டங்கள். போன நேரம், வந்த நேரம். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் சிவப்பு வட்டம். நான்காவது முறை போனாலும் சிவப்பு வட்டம். மாதத்தில் மூன்று வட்டம் விழுந்தால் எச்சரிக்கைக் கடிதம். மூன்று கடிதம் சேர்ந்தால் பையோடு பெயரையும் எடுத்துக்கொண்டு நிரந்தரமாக வீட்டுக்குப் போய்விடலாம்.

அக்காவும் ஒரு காலத்தில் எண்ணாக இருந்தவள்தான். பத்தொன்பது வயதில் இருபத்தொன்றாம் இயந்திரத்தில் உட்கார்ந்தவள், பதினோரு வருடம் காலர் தைத்தாள். ஒரு நாள் ஊசி வலது கையின் ஆள்காட்டி விரலில் நகத்தின் வழியாக இறங்கி மறுபக்கம் வந்துவிட்டது. புண் ஆறியது, விரல் மடங்கவில்லை. மடங்காத விரலை வைத்துக்கொண்டு காலர் தைக்க முடியாது. "எழுதத் தெரியுமில்ல? பின்னாடி உக்காந்துக்கோ" என்றார் மேலாளர். அன்றைக்கு அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. லாரி ஓட்டும் கணவர் வாரத்தில் ஐந்து நாள் சாலையில் இருப்பார்; மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. வேலை போகாமல் ஒரு ஸ்டூல் கிடைத்ததே பெரிது. கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பேனாவைப் பிடித்து எழுதப் பழகினாள். எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். "நம்ம கம்பெனியிலேயே ஒழுங்கான நோட்டு இதுதான்" என்று மேலாளர் வருகிறவர்களிடம் எல்லாம் தூக்கிக் காட்டுவார். அப்போதெல்லாம் அக்கா தலையைக் குனிந்துகொள்வாள். அடக்கத்தினால் அல்ல. அந்த நோட்டு எப்படி ஒழுங்காக இருக்கிறது என்பது அவளுக்குத்தான் தெரியும்.

ஒன்பது நிமிடம் கழித்து வந்தவளுக்கு அவள் நாலு நிமிடம் என்று கணக்கு எழுதுவாள். கழிப்பறைக்குள் ஒருத்தி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தால், இரண்டு முறை போனதாகப் பிரித்து, நாலு, நாலு என்று எழுதுவாள். ஆனால் நான்காவது முறை வருகிறவர்களை என்ன செய்வது? கட்டம் மூன்றுதான் இருக்கிறது. அதற்கும் அவள் ஒரு வழி வைத்திருந்தாள். எல்லாரும் மூன்று முறை போவதில்லை. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல், எழுந்திருக்காமல் தைத்து முடிக்கிறவர்கள் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். அவர்களுடைய கட்டங்கள் காலியாகக் கிடக்கும். நாலாவது முறை வருகிறவளின் நேரத்தை அந்தக் காலிக் கட்டம் ஒன்றில் எழுதிவிடுவாள்.

ஆரம்பத்தில் இதில் ஒரு தப்பு நடந்தது. முப்பத்தேழின் காலிக் கட்டத்தை வேறொருத்திக்கு எழுதிவிட்டாள். சாயங்காலம் முப்பத்தேழே வந்து நின்றாள். மூன்று கட்டமும் நிரம்பியிருந்தது. சூப்பர்வைசர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். வேறு வழியில்லாமல் முப்பத்தேழுக்குச் சிவப்பு வட்டம் போட வேண்டியதாயிற்று. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் முப்பத்தேழு பிடித்துக்கொண்டாள்.

"ஏன்க்கா, நேத்து நான் மூணு தடவை போனேனா? எனக்கே தெரியாம போயிட்டு வந்துட்டேனா? சொல்லியிருந்தா கொஞ்சம் நிம்மதியாவது பட்டிருப்பேனே!"

சுற்றியிருந்தவர்கள் சோறு புரையேறச் சிரித்தார்கள். அக்காவுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. உண்மையைச் சொன்னாள். முப்பத்தேழு ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "சரி, என் கட்டம் காலியா இருந்தா எடுத்துக்கோ. எடுத்தா மட்டும் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு. நான் பாட்டுக்கு வயித்தைப் பிடிச்சுட்டு வந்து நிக்கக் கூடாது பாரு" என்றாள்.

அன்றிலிருந்து அக்கா பென்சிலும் வைத்துக்கொண்டாள். யாருடைய கட்டத்தையாவது எடுத்து எழுதினால், அந்தக் கட்டத்தின் மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி. புள்ளிக்குப் பக்கத்தில், எறும்பு அளவுக்கு, உண்மையில் போனவளின் எண். ஒரே ஆளின் கட்டத்தை வாரத்தில் இரண்டு முறை எடுக்கக் கூடாது என்பதற்காக வைத்துக்கொண்ட அடையாளம் அது. மேலாளர் கண்ணுக்கு அந்தப் புள்ளிகள் ஒருநாளும் பட்டதில்லை. அவர் சிவப்பைத்தான் தேடுவார்.

அந்த வருடம் அதிகப் புள்ளிகள் பதினாலுக்காக விழுந்தவை.

பதினாலு இருபத்தாறு வயதுப் பெண். அதிகம் பேச மாட்டாள். வேலைக்குச் சேர்ந்த இரண்டு வருடத்தில் ஒரு சிவப்பு வட்டம்கூட வாங்கக் கூடாது என்று தண்ணீரைக் குறைத்து, அடக்கி அடக்கி வைத்து, கடைசியில் சிறுநீரகத்தில் தொற்று வந்து பத்து நாள் படுத்துவிட்டாள். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், வந்தால் உடனே போய்விட வேண்டும், அடக்கினால் அடுத்த முறை ஆபத்து என்று மருத்துவர் கடிதமே எழுதிக் கொடுத்திருந்தார். மேலாளர் அதைப் படித்துவிட்டு மேசை இழுப்பறையில் போட்டார். "ஒருத்திக்கு விட்டா நாளைக்கு அறுபத்திரண்டு கடிதம் வரும்மா."

அக்கா பதினாலைத் தனியாகக் கூப்பிட்டாள். "நீ தண்ணி குடி. வரும்போது வா. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

அப்படி ஏழு மாதம் போனது.

வீட்டில் மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. ஒரே அறை, பலகையால் தடுத்த சமையல் பகுதி, கண்ணாடி பதித்த இரும்பு பீரோ, திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் தெரியும் ஜன்னல். பீரோக் கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டு மகள் ஒரு வாரமாகப் பேச்சுப் பயிற்சி எடுத்தாள். பள்ளியில் டிசம்பர் பத்தாம் தேதி மனித உரிமை நாள் கூட்டம். உரிமைகள் எங்கிருந்து வந்தன என்று ஐந்து நிமிடம் பேச வேண்டும். அக்கா துணி மடித்துக்கொண்டே கேட்பாள்.

"எண்ணூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ராஜா தன் இஷ்டத்துக்கு ஆட்சி பண்ணினாராம்மா. அவர்கிட்ட இருந்த பிரபுக்கள் எல்லாம் சேர்ந்து ஒரு பத்திரத்துல முத்திரை போட வச்சாங்க. சட்டம் இல்லாம சுதந்திர மனிதன் யாரையும் ஜெயில்ல போடக் கூடாதுன்னு."

"பரவாயில்லையே."

"எங்க பரவாயில்ல? சுதந்திர மனிதன்னா அப்போ கொஞ்சம் பேர்தான். நிலத்துல உழைச்சவங்கள்ல பாதிப் பேர் அதுல வரவே மாட்டாங்க. அப்புறம் ஐந்நூறு, அறுநூறு வருஷம் கழிச்சு ரெண்டு நாட்டுல புரட்சி. எல்லா ஆண்களும் சமம்னு எழுதினாங்க."

"எல்லா ஆண்களுமா? அப்ப நாமெல்லாம்?"

"அதைத்தான் பொம்பளைங்க கேட்டாங்க. அடிமையா இருந்தவங்களும் கேட்டாங்க. நூத்தம்பது வருஷம் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அப்புறம்தான் ரெண்டாவது உலகப் போர். கோடிக்கணக்கான பேர் செத்தாங்கம்மா. அதுல ஒரு அரசாங்கம், பிடிக்காதவங்களை எல்லாம் ரயில்ல ஏத்தி, முகாம்ல அடைச்சு, கொன்னுச்சு. அவங்களுக்குப் பேர் கிடையாது, நம்பர்தான். ஒரு பெரிய முகாம்ல கையிலயே பச்சை குத்திட்டாங்க. எத்தனை பேர் வந்தாங்க, எத்தனை பேர் போனாங்கன்னு எல்லாத்துக்கும் நோட்டு இருந்துச்சாம். ரொம்ப ஒழுங்கா எழுதி வச்சிருந்தாங்களாம்."

அக்கா மடித்துக்கொண்டிருந்த சட்டையை மறுபடி பிரித்து மடித்தாள்.

"போர் முடிஞ்சதும், இனிமே இப்படி நடக்கக் கூடாதுன்னு பல நாட்டுக்காரங்க உக்காந்து முப்பது விதி எழுதினாங்க. 'எல்லா ஆண்களும்'னு ஆரம்பிச்சதை, குழுவுல இருந்த ஒரு பொம்பளை விடாம வாதாடி 'எல்லா மனிதர்களும்'னு மாத்த வச்சாங்களாம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டு, டிசம்பர் பத்து. நாற்பத்தெட்டு நாடு ஆதரிச்சுச்சு. எதிர்த்து ஒரு நாடும் ஓட்டுப் போடல. எட்டு நாடு மட்டும் ஆமான்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல, ஒதுங்கி நின்னுச்சு."

"அது நல்ல வழிதான். வம்பே இல்ல."

"அம்மா!"

"சரி, சரி. முப்பது விதியில கக்கூஸ் போறதைப் பத்தி ஏதாவது இருக்கா?"

மகள் திரும்பாமல் கண்ணாடி வழியாகவே அம்மாவைப் பார்த்தாள். "நேரா இல்ல. ஆனா முதல் விதியிலேயே, மனிதர் எல்லாரும் பிறக்கும்போதே சுதந்திரமாவும் சமமான மதிப்போடும் பிறக்கிறாங்கன்னு இருக்கு. யாரும் குடுக்கிறது இல்ல. பிறக்கும்போதே இருக்கு."

"இருக்கிறதை எதுக்கு எழுதணும்? எனக்கு ரெண்டு கை இருக்குன்னு யாராவது எழுதி வைப்பாங்களா?"

"டீச்சர்கிட்ட கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு, மகள் பேச்சை ஆரம்பத்திலிருந்து தொடங்கினாள். இன்னொன்றை அவள் மறுபடி கேட்கவில்லை. பேச்சில் அம்மாவின் வேலையைப் பற்றி ஒரு வரி சேர்க்கட்டுமா என்று போன வாரம் கேட்டதற்கு, "என் வேலையைப் போய் மேடையில சொல்லுவியா? மானம் போயிடும்" என்று அக்கா கத்தியிருந்தாள்.

டிசம்பர் பத்தாம் தேதி அக்கா விடுப்பு எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள். மகள் எட்டு நாடுகளை மட்டும் மறந்துவிட்டாள், மற்றதெல்லாம் ஒரு சொல் தடுக்காமல் வந்தது. அக்கா கை வலிக்கத் தட்டினாள். ஆறு வருடத்தில் அவள் எடுத்த நான்காவது விடுப்பு அது.

அன்றைக்கு ஸ்டூலில் சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தான். இரண்டரை மணிக்குப் பதினாலு நான்காவது முறையாக வந்தாள். அவன் பலகையைக் காட்டினான். "படிக்கத் தெரியுமில்ல?" பதினாலு மருத்துவர் கடிதத்தைச் சொன்னாள். "எங்கே கடிதம்?" இழுப்பறையில் இருக்கிறது என்றாள். "அப்ப இழுப்பறையைக் கேளு." அவள் இடத்துக்குத் திரும்பிப் போனாள். முக்கால் மணி நேரம் காலர் தைத்தாள். அதற்கு மேல் உடம்பு கேட்கவில்லை. நாற்காலியிலேயே, அறுபது பேருக்கு நடுவில், அது நடந்துவிட்டது.

முப்பத்தேழுதான் ஓடிவந்து தன் துப்பட்டாவை அவள் இடுப்பில் சுற்றினாள். இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. சிரித்தவர்கள் யாரும் இல்லை.

மறுநாள் காலையில் ஸ்டூலுக்கு வந்த அக்காவிடம் முப்பத்தேழு எல்லாவற்றையும் சொன்னாள். எப்போதும் எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கிறவள் அன்றைக்கு ஒரு வார்த்தை விளையாட்டாகப் பேசவில்லை. கடைசியில் மட்டும், "நீ ஒரு நாள் லீவு போட்டாக்கூட எங்களுக்கு ஆகாதுக்கா" என்றாள். அதை அன்பாகத்தான் சொன்னாள். அக்காவுக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

பதினாலு ஒரு வாரம் வரவில்லை. காய்ச்சல். படுத்த இடத்திலிருந்தே தொழிலாளர் துறைக்கு ஒரு புகார் எழுதி அனுப்பிவிட்டாள். அடுத்த வாரம் அதிகாரி விசாரணைக்கு வருவதாகக் கடிதம் வந்தது. மேலாளர் அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அந்த அறையில் அவள் இதுவரை உட்கார்ந்ததே இல்லை.

"பயப்படாதேம்மா. உன் நோட்டுதான் நம்மளைக் காப்பாத்தப் போகுது." அவர் பக்கங்களைப் புரட்டிக் காட்டினார். "இதோ பாரு, ஏழு மாசம். பதினாலு ஒரு நாளாவது மூணு தடவைக்கு மேல போயிருக்காளா? இல்ல. அஞ்சு நிமிஷத்தைத் தாண்டியிருக்காளா? இல்ல. அப்ப மூணு தடவை அவளுக்குப் போதுமானதாத்தானே இருந்திருக்கு? அன்னைக்கு மட்டும் எங்கேயிருந்து வந்துச்சு நாலாவது தடவை? வேணும்னே பண்ணியிருக்கா. பொய்ப் புகார்னு எழுதி வாங்கிட்டு வெளியே அனுப்பிடலாம். நீ ஒண்ணும் பேச வேண்டாம். 'இது நீ எழுதின நோட்டுதானா'ன்னு கேட்டா, 'ஆமா'ன்னு சொன்னா போதும்."

அவர் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. நோட்டில் அப்படித்தான் இருந்தது. அவள் கையால், அச்சடித்த எழுத்தில்.

அன்று மாலை வெங்காயம் நறுக்கிக்கொண்டே மகளிடம் சொன்னாள். புள்ளிகளைப் பற்றி வீட்டில் அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

மகளுக்குக் கோபம் வந்தது, ஆனால் அம்மா மேல் இல்லை. "நீ அந்த அக்காவுக்கு நல்லதுதானேம்மா பண்ணின?"

"நல்லதுதான். நான் உக்காந்திருந்த வரைக்கும்."

கத்தியைக் கீழே வைத்தாள். ஏழு மாதமாக அவள் பதினாலுக்குக் கொடுத்தது என்ன? இரக்கம். அது ஸ்டூலில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஆள் மாறினால் அதுவும் எழுந்து போய்விடும். அதுகூடப் பரவாயில்லை. அந்த இரக்கத்தை மறைப்பதற்காக அவள் எழுதிய நோட்டு, இந்தக் கூடத்தில் யாருக்கும் எந்தக் கஷ்டமும் இல்லை என்று சாட்சி சொல்லப் போகிறது. அறுபத்திரண்டு பெண்களும் தினமும் மூன்று முறைக்கு மிகாமல், நாலு நிமிடம் போய், சந்தோஷமாகத் திரும்பி வந்திருக்கிறார்கள். தண்ணீர் குடிக்காமல் கிடந்தவர்களும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களும் அதில் எங்குமே இல்லை.

"நீ உண்மையைச் சொன்னா என்ன ஆகும்?" என்றாள் மகள்.

"பொய்க் கணக்கு எழுதினேன்னு ஸ்டூல் போகும். இந்த விரலை வச்சுக்கிட்டு மெஷின்ல உக்கார முடியாது."

"சொல்லலைன்னா?"

"பதினாலு போவா."

மகள் கத்தியை எடுத்து மிச்ச வெங்காயத்தை நறுக்க ஆரம்பித்தாள். பிறகு, "அன்னைக்கு நீ கேட்டியே, இருக்கிறதை ஏன் எழுதணும்னு. டீச்சர் சொன்னாங்க. இருக்கிறதை இல்லைன்னு சொல்ல எப்பவும் யாராவது ஒருத்தர் இருக்காங்க, அதனாலதான் எழுதினாங்களாம்" என்றாள்.

அக்கா எட்டு நாடுகளைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்றும் சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல் ஒதுங்கி நிற்பது எவ்வளவு சௌகரியம்!

அதிகாரி வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி. தட்டையான செருப்பு, தோளில் ஒரு துணிப்பை. மூன்று மணி நேரம் பேருந்தில் வந்திருக்கிறார். தேநீர் சொல்லப் போன மேலாளரை நிறுத்தி, "முதல்ல கழிப்பறை எங்கே இருக்கு?" என்றார். மேலாளர் கையைக் காட்டினார். அதிகாரி இயந்திரங்களுக்கு நடுவே விறுவிறுவென்று பின்கோடிக்கு நடந்து வந்தார்.

அக்கா காலையிலிருந்து நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று ஆயிரம் தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரில் ஒரு ஆள் வேகமாக வந்து நிற்பது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. ஆறு வருடப் பழக்கம். கை தானாகப் பின்னால் போய் ஆணியிலிருந்து டோக்கனை எடுத்தது. பேனா கட்டத்துக்கு நேராக நின்றது.

"நம்பர்?" என்றாள், நிமிர்ந்து பார்க்காமல்.

பக்கத்து வரிசையில் இயந்திரங்கள் நின்றுவிட்டன. முப்பத்தேழு வாயைப் பொத்திக்கொண்டாள். மேலாளர் ஓடி வந்தார். "ஐயோ மேடம், தப்பா எடுத்துக்காதீங்க, இது வந்து..."

அதிகாரி அவரைப் பார்க்கவே இல்லை. நீட்டிய டோக்கனை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பலகையை மேலிருந்து கீழ் வரை படித்தார். பிறகு கயிற்றைத் தலை வழியாகக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஸ்டூலை விட்டு எழுந்து நின்றாள்.

அதிகாரி திரும்பி வந்தார். "எத்தனை நிமிஷம் ஆச்சு?"

கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை, அக்காவுக்கு அது கண்ணை மூடினாலும் தெரியும். "ஆறு, மேடம்."

"அஞ்சுதான் அனுமதின்னு போட்டிருக்கு. அப்ப எனக்குச் சிவப்பு வட்டமா?"

"இல்லைங்க மேடம்" என்றாள் அக்கா. "உங்களுக்கு நாலுன்னு எழுதிடுவேன்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவள் காதில் விழுந்தது. மேலாளர் சத்தமாகச் சிரித்தார். "தமாஷ் பண்றா மேடம். இவ நோட்டு மாதிரி ஒழுங்கான நோட்டை நீங்க எங்கேயும் பாத்திருக்க மாட்டீங்க."

அதிகாரி சிரிக்கவில்லை. "எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவீங்களா?" என்று அக்காவையே கேட்டார்.

இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. மேலாளர் திறந்துவிட்ட வழியில், "தமாஷுக்குச் சொன்னேன்" என்று புகுந்து வெளியே போய்விடலாம். அக்கா கூடத்தைப் பார்த்தாள். அறுபத்தொரு தலைகள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. பதினாலாம் இயந்திரம் மட்டும் காலியாக இருந்தது. பதினாலு விசாரணைக்காக வெளியே பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டிருந்தாள்.

"ஆமா மேடம்" என்றாள். "இந்த நோட்டை நான்தான் எழுதினேன். இதுல இருக்கிறது உண்மை இல்ல."

"ஏம்மா, உனக்கென்ன பைத்தியமா?" என்றார் மேலாளர்.

"உண்மை இங்க இருக்கு மேடம்." மடங்காத விரலால் ஒரு கட்டத்தின் மூலையைத் தொட்டுக் காட்டினாள். அதிகாரி கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்தார். பென்சில் புள்ளி. பக்கத்தில் எறும்பு அளவுக்கு ஒரு பதினாலு.

அக்கா சொல்லச் சொல்ல அதிகாரி பக்கம் பக்கமாகப் பார்த்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, புள்ளிகளை எண்ண ஆரம்பித்தார். ஏழு மாதத்தில் பதினாலுக்காக மட்டும் இருநூற்றுப் பத்தொன்பது. மற்றவர்களுக்காக நூற்றுக்கும் மேல். நடுவில் அதிகாரி ஒரு முறை நிமிர்ந்து, "மருத்துவர் கடிதம்?" என்றார். "இழுப்பறையில இருக்கு" என்று நாலைந்து குரல்கள் ஒன்றாக வந்தன. யார் யார் என்று மேலாளரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"உங்களுக்கு யார் டோக்கன் குடுப்பாங்க?" என்று கடைசியாகக் கேட்டார் அதிகாரி.

அக்காவுக்குப் புரியவில்லை.

"நீங்க போகணும்னா ஸ்டூல்ல யாரு உக்காருவாங்க?"

"சாப்பாட்டு நேரத்துல போவேன் மேடம். மத்த நேரம்..." யோசித்தாள். "நான் தண்ணி குடிக்கிறதில்ல."

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார்.

பதினாலுக்கு வேலை போகவில்லை, அடுத்த திங்கள் தன் இயந்திரத்தில் வந்து உட்கார்ந்தாள். அக்காவிடம் வந்து நன்றி என்று எதுவும் சொல்லவில்லை. போகிற போக்கில் அவள் கையை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனாள். நோட்டையும் மூன்று டோக்கன்களையும் அதிகாரி துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார். பலகையைக் கழற்றச் சொல்லி எழுத்து மூலமாக உத்தரவு வந்தது. அக்காவுக்கும் ஒரு கடிதம் வந்தது, மேலாளரிடமிருந்து. பொய்ப் பதிவு எழுதியதற்காக எச்சரிக்கை. ஸ்டூலிலிருந்து நூல் கத்தரிக்கும் மேசைக்கு மாற்றம். அங்கே நாள் முழுக்க நின்றுகொண்டு வேலை செய்ய வேண்டும். வேலையே போகாததற்கு அந்த அதிகாரிதான் காரணம் என்று முப்பத்தேழு சொன்னாள். அது எவ்வளவு நாளைக்கு என்பது யாருக்கும் தெரியாது. சாயங்காலம் கணுக்கால் வீங்கிவிடும். மகள் வெந்நீர் வைத்துக் கொடுப்பாள். "அடுத்த வருஷம் பேச்சுல உன்னைப் பத்திச் சொல்லட்டுமா?" என்று ஒரு நாள் கேட்டாள். அக்கா முறைத்தாள், ஆனால் கத்தவில்லை.

ஸ்டூலை யாரும் எடுக்கவில்லை. முதல் சில நாட்கள், எழுந்து போகிறவர்கள் அதற்கு முன்னால் வந்ததும் தானாக நின்றார்கள். சுவரில் வெறும் ஆணிகளைப் பார்த்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல், கத்தரிக்கும் மேசைக்கு வந்தார்கள்.

"அக்கா, போயிட்டு வரட்டுமா?"

"என்னை ஏன்டி கேக்கிற? நான் என்ன உன் மாமியாரா? போயேன்."

முப்பத்தேழு வேண்டுமென்றே தினமும் இரண்டு முறை வந்து கேட்டாள். "பழக்கம் விடமாட்டேங்குதுக்கா. இன்னைக்கு என் கட்டத்துல யாராவது போயிட்டாங்களான்னு பாத்துச் சொல்லு." பிறகு அவளும் நிறுத்திவிட்டாள்.

அக்காவுக்குத்தான் பழக்கம் விடவில்லை. யாராவது எழுந்தால் கண் கடிகாரத்துக்குப் போய்விடும். இரண்டு மணி பதினேழு, இரண்டு மணி இருபத்திரண்டு என்று மனது தானாகக் குறித்துக்கொள்ளும்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மதியம், பாதிக் காலரில் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பதினாலு எழுந்தாள். பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்தாள். யாரையும் பார்க்காமல், யாரிடமும் கேட்காமல், ஸ்டூலைத் தாண்டி நடந்து போனாள். அக்காவின் கண் கடிகாரத்தை நோக்கி உயர்ந்தது. பாதியில் அதைத் திருப்பிக் கையிலிருந்த சட்டைக்குக் கொண்டுவந்து, தொங்கிய ஒரு நூலைத் தேடிக் கத்தரித்தாள். இன்னொன்றைத் தேடினாள். நிமிர்ந்து பார்த்தபோது பதினாலு தன் இடத்தில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள்.

எத்தனை நிமிடம் ஆனது என்று அக்காவுக்குத் தெரியாது.